அறுபத்து நான்கு கேள்விகளும் ஒரு கதவும்

புள்ளியியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நண்பர்களுக்கு,

கல்லூரி மாணவர்கள் ஏன் பாதியில் படிப்பை விட்டுப் போகிறார்கள் என்று அளப்பதற்காக நீங்கள் தயாரித்த வினாப்படிவம் தபாலில் வந்து சேர்ந்தது. கருத்துச் சொல்லச் சொல்லியிருக்கிறீர்கள். கடைசிக் கேள்வியின் எண் அறுபத்தெட்டு. ஆனால் முப்பத்தொன்று என்ற எண்ணை இரண்டு கேள்விகளுக்குப் போட்டிருக்கிறீர்கள். ஆகவே மொத்தம் அறுபத்தொன்பது. மூன்று முறை எண்ணிவிட்டேன். அச்சுக்குப் போகும் முன் திருத்திவிடுங்கள். இல்லாவிட்டால் நான் நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. குடும்ப வருமானம், பெற்றோரின் படிப்பு, வீட்டுக்கும் கல்லூரிக்கும் உள்ள தூரம், உடல்நிலை, மனநிலை, ஆங்கில பயம், எல்லாம் இருக்கிறது. இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டி இதே வேலையை நானும் செய்தேன். என் படிவத்தில் அறுபத்து நான்கு கேள்விகள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டதாகத்தான் நினைத்தேன். அதில் இல்லாமல் போன ஒரு கேள்வியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். உங்கள் அறுபத்தொன்பதிலும் அது இல்லை.

முதலில் என்னைப் பற்றி நான்கு வரி. ராயபுரத்தில் ரயில் பாதைக்கும் துறைமுகச் சுவருக்கும் நடுவில் இருந்த கல்லூரியில் அப்போது இருபத்தேழு வருடமாக வேலை பார்த்துவந்தேன். என் வகுப்பறைக்கு இருபத்திரண்டு படி. உடைந்த படியையும் சேர்த்தால்தான் இருபத்திரண்டு, நான் சேர்ப்பேன். மூன்றாம் ஆண்டுக்குத் தினமும் முதல் மணி நேரம் என்னுடையது. சரியாக ஒன்பது மணிக்கு நான் உள்ளே நுழைவேன், கதவைச் சாத்தித் தாழ் போடுவேன், நாற்காலியில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டைத் திறப்பேன். எண்களை மட்டும் படிப்பேன். நாற்பத்தெட்டு எண்ணுக்கு ஐம்பத்தைந்து வினாடி. தலையை நிமிர்த்தினால் நான்கு வினாடி வீணாகும் என்று கண்டுபிடித்திருந்தேன். ஆகவே நிமிர்த்துவதில்லை. அந்தக் காலத்தில் முதல் மணி நேர வருகைதான் எங்கள் கல்லூரியில் அன்றைய நாள் முழுவதற்குமான வருகை.

இருபத்தேழு வருடத்தில் ஒரு நாள்கூட நான் தாமதமாக வந்ததில்லை என்றும் அப்போது நம்பியிருந்தேன்.

அப்படியிருக்கும்போதுதான் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. முதலாம் ஆண்டில் சேருகிறவர்களில் நிறையப் பேர் மூன்றாம் ஆண்டில் காணாமல் போகிறார்கள், காரணம் கண்டு சொல்லவும். எங்கள் முதல்வர் வேதியியல் படித்த அம்மையார், அதிகம் பேசாதவர். கடிதத்தை என்னிடம் நீட்டி, "எல்லாத்தையும் எண்றவர் நீங்கதான் சார்" என்றார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

படிப்பை விட்டவர்களில் முப்பது பேர், விடாமல் இருப்பவர்களில் முப்பது பேர், ஒப்பிட்டுப் பார்க்க. இதுதான் திட்டம். பெயர்களைச் சீட்டு எழுதிச் சாக்பீஸ் டப்பாவில் போட்டுக் குலுக்கினோம். சீட்டை எடுத்தவர் எங்கள் துறை அட்டெண்டர் வேதாசலம். காசிமேட்டில் பிறந்தவர், என் வயதுக்காரர். எல்லோரையும் ஒருமையில் பேசிவிட்டுக் கூடவே ஒரு 'சார்' போட்டுவிடுவார். இரண்டும் சேர்ந்து சமமாகிவிடும் என்பது அவர் கணக்கு. நான் தனியாக அந்தப் பக்கத்துத் தெருக்களில் போனால் வழி தவறிவிடுவேன் என்று முதல்வர் அவரையும் என்னோடு அனுப்பினார்.

வீடு வீடாகப் போனோம். தண்டையார்பேட்டையில் என்னை மின்வாரியத்து ஆள் என்று நினைத்து மீட்டர் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாள் ஒருவரிடம் பதினேழாம் கேள்வியைப் படித்தேன். வீட்டில் படிப்பதற்கெனத் தனி இடம் உண்டா?

"இன்னா நைனா கேக்குற? எங்களுக்கு சண்ட போடவே தனி எடம் இல்ல. பக்கத்து வூட்டுக்குக் கேக்காம நானும் எம்புருசனும் சண்ட போடணும்னா கடலுக்குள்ளதான் எறங்கணும்."

'இல்லை' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டேன். தெருமுனை வரை வேதாசலத்துக்கு மனது ஆறவில்லை.

"அந்தம்மா எவ்ளோ பேசிச்சு. நீ ஒரே ஒரு டிக்குதான் போட்ட. மீதிய இன்னா பண்ணுவ சார்?"

"மீதிக்குப் படிவத்துல எடம் இல்ல."

"அப்ப மீதி பேர் வூட்டுலயும் அதே டிக்க போட்டுக்கோ. வெயில்ல இன்னாத்துக்கு அலையணும்?"

பருவம் முடிய ஒரே வாரம் இருந்தது. வருகைப் பதிவேட்டின் முப்பத்தேழாம் எண்ணுடைய வீட்டுக்குப் போனது அப்போதுதான். எல்லப்பன். மூன்றாம் ஆண்டு, என் வகுப்பு மாணவன். 'விடாமல் இருப்பவர்' பட்டியலில் வந்திருந்தான். என் பதிவேட்டின்படி அந்தப் பருவத்தில் ஒரு நாள்கூட அவன் விடுப்பு எடுக்கவில்லை. விடாமல் இருப்பதற்கு இலக்கணம் என்று அறிக்கையில் தனியாக ஒரு பத்தி எழுதலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

எர்ணாவூர்க் குடியிருப்பில் மூன்றாவது மாடி. ஐம்பத்து நான்கு படி. எல்லப்பனின் அம்மா கடைக்குப் போடுவதற்காக முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். ஒன்பதாம் கேள்வியைப் படித்தேன். மாணவர் காலையில் எத்தனை மணிக்குக் கல்லூரிக்குக் கிளம்புகிறார்?

"காலேஜுக்கா? அதான் வுட்டுட்டானே சார். ரெண்டு மாசத்துக்கு மேல ஆவுது."

"இல்லம்மா. நேத்திக்குக்கூட என் கிளாஸ்ல இருந்தார்."

"நேத்தா? நேத்து யார்டுல இருந்தான் சார். நாந்தானே சோறு எத்துகினு போனேன்."

நான் விட்டுவிட்டிருக்கலாம். ஆனால் பையில் பதிவேடு இருந்தது. பதிவேடு கையில் இருக்கும்போது வாதத்தை விடும் பழக்கம் எனக்கு இல்லை. முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் அதை விரித்தேன். "முப்பத்தேழு. இந்த வரிசை முழுக்கப் பாருங்க. எல்லா நாளும் வந்திருக்கார்."

அம்மாளின் கையில் இருந்த அச்சு நின்றது. பதிவேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"அப்ப வேலைக்குப் போறேன்னு எங்கிட்ட பொய் சொல்லிட்டு காலேஜுக்கா போய்கினு கீறான்? வரட்டும் இன்னிக்கு, கஸ்மாலம்!"

மகன் கல்லூரிக்குப் போகிறானோ என்ற சந்தேகத்தில் கொதித்த தாயை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. வேதாசலம் என் காதருகே வந்தார்.

"சார், பெத்தவங்க சொல்றாங்க. ஒன் ரெஜிஸ்டரா பெத்துது?"

யார்டு திருவொற்றியூருக்குப் போகும் வழியில் இருந்தது. கப்பலில் ஏற்ற வேண்டிய கன்டெய்னர்களை அடுக்கி வைக்கும் பெரிய மைதானம். பேருந்து நகரவில்லை. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு வரிசையாக நின்றன. சில ஓட்டுநர்கள் லாரிக்கு அடியிலேயே அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். இறங்கி நடந்தோம். யார்டு வாசல் வருவதற்குள் நூற்றுப் பதின்மூன்று லாரிகள்.

வாசலில் கையில் அட்டையும் பேனாவுமாக எல்லப்பன் நின்றிருந்தான். டாலி வேலை என்பார்கள். உள்ளே வரும், வெளியே போகும் ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் குறிப்பது. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த அட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "குட் மார்னிங் சார்" என்றான். மணி மதியம் இரண்டு.

அவன் முகத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று தோன்றியது. எண்தான் எனக்குத் தெரியும்.

அந்தச் சமயம் ஒரு லாரி உள்ளே திரும்பியது. ஓட்டுநர் ஜன்னலிலிருந்து கத்தி எண்ணைச் சொன்னார். எல்லப்பன் எழுதவில்லை. லாரியின் பின்பக்கம் ஓடிப்போய்ப் பெட்டியில் இருந்த எண்ணையும் பூட்டின் முத்திரையையும் பார்த்துவிட்டு வந்து எழுதினான்.

"அவர்தான் சொன்னாரேப்பா?" என்றேன்.

"வாயால சொன்னா எழுதக்கூடாது சார். கண்ணால பாத்துதான் எழுதணும். சேர்ந்த மொத நாளே அதான் சொல்லிக் குடுத்தாங்க."

வேதாசலம் இருமினார். அவருக்கு அப்போது இருமல் எதுவும் இல்லை.

படிவத்தை எடுத்தேன். வேறு எப்படிப் பேச்சைத் தொடங்குவதென்று எனக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டாம் கேள்வி: படிப்பைக் கைவிட்ட முதன்மைக் காரணம். அதற்குக் கீழே ஒன்பது கட்டங்கள். முதலாவது, வறுமை. பேனா அந்தக் கட்டத்துக்கு மேலே போய்விட்டது.

"அது இல்ல சார்" என்றான் எல்லப்பன், தலைகீழாகவே படித்துவிட்டு. "கஷ்டம் எப்பவுமே கீது. மொத ரெண்டு வருசமும்தான் இருந்துது. அப்ப வந்துகினுதானே இருந்தேன்?"

"தூரம்?"

"வூடு அதே வூடு சார்."

"இந்த லாரி வரிசையா?"

"லாரி அப்பவும் நின்னுது. பஸ்ஸு அப்பவும் பத்து நிமிசம் லேட்டுதான். ஆனா போன வருசம் தமிழ் சார் கிளாஸு. கதவு தொறந்தே கெடக்கும்."

நண்பர்களே, மாறாமல் இருக்கும் ஒன்றை வைத்து மாற்றத்தை விளக்க முடியாது. இதை நான் இருபத்தேழு வருடமாகக் கரும்பலகையில் எழுதி வந்தேன். வறுமை மாறவில்லை, தூரம் மாறவில்லை, லாரி மாறவில்லை. அந்த யார்டு வாசலில் நின்றுகொண்டு, கேட்கத் தேவையில்லாத கேள்வியைக் கேட்டேன்.

"எந்தக் கதவு இப்ப சாத்தியிருக்கு?"

"உங்க கதவுதான் சார்."

கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதைப் போலச் சொன்னான். வகுப்புக்கு வெளியே நிற்பவர்களை வேதாசலம் நூலகத்துக்கு அனுப்பிவிடுவார். அது முதல்வர் உத்தரவு. தினமும் நூலகத்தில் உட்கார்ந்தான். என் பாடம் மட்டும் புரியாமல் போனது. ஒரு நாள் பேருந்து இந்த வாசலுக்கு எதிரே அரை மணி நேரம் நின்றபோது, வாசலில் இருந்த மேற்பார்வையாளர் ஜன்னல் பக்கம் வந்து, "தெனம் இங்கயேதான் குந்தினு கீற. இங்கிலீஸ் எழுத்து படிப்பியா? எறங்கு, வேல தர்றேன்" என்றாராம். இறங்கிவிட்டான்.

"பதிவேட்டுல தினமும் வந்த மாதிரி இருக்கே?"

எல்லப்பன் விழித்தான். "எனக்குத் தெரியாது சார். நான் யார்கிட்டயும் கேக்கல." பிறகு கொஞ்சம் யோசித்து, "டில்லிபாபுவா இருக்கும்" என்றான்.

மறுநாள் காலை கதவைச் சாத்திவிட்டு வழக்கம்போல எண்களைப் படித்தேன். நாற்பத்தேழு குரல். எழுந்து நின்று தலைகளை எண்ணினேன். முப்பத்தெட்டு. திரும்பவும் எண்ணினேன். வகுப்பு மொத்தமும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. மூச்சு விட்டால் இன்னொரு தலை குறைந்துவிடும் என்பதைப் போல.

டில்லிபாபுவை என் அறைக்கு வரச் சொன்னேன். ஒல்லியான பையன். குரலுக்கும் உடம்புக்கும் சம்பந்தமே இல்லை.

"எத்தன பேருக்கு சொல்ற?"

"நாலு பேருக்குத்தான் சார். மீதி அஞ்சுக்கு வேற ஆளுங்க. எல்லாத்தையும் என் தலைல கட்டாதீங்க."

"முப்பத்தேழுக்கு எப்படிச் சொல்வ? சொல்லு பாக்கலாம்."

ஒரு நொடி விட்டு, மூச்சு இரைக்க, "பிரசன்ட் சார்" என்றான். நான் திடுக்கிட்டுக் கதவுப் பக்கம் திரும்பிவிட்டேன்.

"அவன் ஓடி வர்றவன் சார். அதனால கொஞ்சம் லேட்டா, மூச்சு வாங்கினு சொன்னாதான் பொருத்தமா இருக்கும்."

"தப்புன்னு தெரியலையா?"

"தெரியும் சார். ஆரம்பத்துல அவன் கதவுக்கு வெளிய நிக்கும்போது சொன்னேன். ஆளு அங்கதானே கீறான், நடுவுல ஒரு பலகைதானேன்னு சொன்னேன். அப்புறம் அவன் வேலைக்குப் போய்ட்டான். பேரு போய்ட்டா திரும்பி வர முடியாது இல்ல சார்? அதான் பஸ்ல துண்டு போட்டு எடம் புடிக்கிற மாதிரி புடிச்சு வெச்சேன்."

திட்டுவதற்காகத் தயார் செய்திருந்த ஏழு வாக்கியங்களையும் விட்டுவிட்டு அவனை வகுப்புக்கு அனுப்பினேன்.

வருகைப் பட்டியல் வெள்ளிக்கிழமை மேலிடத்துக்குப் போயாக வேண்டும். அன்று புதன். எல்லப்பன் விஷயத்தில் விதி இதுதான்: முக்கால் பங்கு நாள் வந்திருந்தால் இந்தத் தடவையே தேர்வு எழுதலாம். பாதி நாளாவது வந்திருந்தால் பெயர் நிற்கும், தேர்வை அடுத்த பருவத்தில் எழுதிக்கொள்ளலாம். பாதிக்குக் கீழே போனால் பெயரை எடுத்துவிடுவார்கள். மறுபடி சேர்ந்து அந்த ஆண்டை முதலிலிருந்து படிக்க வேண்டும். யார்டில் வேலைக்குப் போய்விட்டவன் அப்படி வரமாட்டான் என்பதற்கு எனக்குப் புள்ளியியல் தேவைப்படவில்லை.

பதிவேட்டை இருந்தபடியே அனுப்பினால் அவனுக்கு முழு வருகை. யாருக்கும் தெரியாது. ஆனால் அதே பதிவேட்டை வைத்துத்தான் என் ஆய்வு நிற்கிறது. விடாமல் இருப்பவர் முப்பது பேரில் ஒருவன் யார்டில் நின்றுகொண்டிருக்க, நான் காரணம் கண்டு சொல்லப் போகிறேன். பதிவேட்டைத் திருத்தினாலோ, என் கதவு செய்த வேலையை என் பேனாவால் நானே முடித்துவைத்த மாதிரி ஆகும். அன்று மதியச் சாப்பாட்டில் எத்தனை கவளம் சாப்பிட்டேன் என்பதை எண்ண மறந்துவிட்டேன். அந்த அளவுக்குக் குழப்பம்.

முதல்வரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"காலேஜ் விதி என்ன சார்?"

"கால் மணி நேரம் வரைக்கும் லேட்டா வந்தா உள்ள விடணும்."

"ஒன்பதுங்கறது?"

"அது... நான் போட்டது."

"எத்தன வருஷமா?"

"இருபத்தேழு."

"அந்தக் கதவால எத்தன பேர் போயிருப்பாங்க? எண்ணினீங்களா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் எண் இல்லை. இன்றும் இல்லை.

"சரி" என்றார். "ஒன்பதேகால் வரைக்கும் வந்து வாசல்ல நின்ன நாளெல்லாம் அவன் வந்த நாள். அது காலேஜ் விதி. ஆதாரத்தோட எண்ணிக் குடுங்க, கையெழுத்துப் போடறேன். ஒண்ணு கூட்டியும் போடாதீங்க, கொறச்சும் போடாதீங்க."

ஆதாரம் நூலகத்தில் இருந்தது. வெளியே நின்றவர்கள் நூலகத்தில் நுழையும்போது பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பருவத்தின் நூலகப் பதிவேட்டை வேதாசலம் தூசி தட்டிக் கொண்டுவந்தார். வேலை நாள் தொண்ணூறு. பாதி, நாற்பத்தைந்து.

வியாழன் முழுவதும் எண்ணினேன். எல்லப்பன், ஒன்பது பதினொன்று. எல்லப்பன், ஒன்பது ஏழு. எல்லப்பன், ஒன்பது பதினான்கு. பருவத்தின் முதல் பாதியில் ஒவ்வொரு பக்கத்திலும் அவன் பெயர் இருந்தது. அந்த நாட்களில் நான் கதவுக்கு இந்தப் பக்கம் 'சராசரியும் அதிலிருந்து விலகலும்' நடத்திக்கொண்டிருந்தேன். மொத்தம் நாற்பத்து நான்கு கையெழுத்து. ஆனால் ஒன்றில் நேரம் ஒன்பது முப்பத்தொன்று. அது செல்லாது. நாற்பத்து மூன்று.

திரும்ப எண்ணினேன். நாற்பத்து மூன்று. கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி எண்ணினேன். அப்படி எண்ணினாலும் எண்ணிக்கை கூடுவதில்லை என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

"ரெண்டுதானே சார் கொறையுது" என்றார் வேதாசலம். "மூணு தபா எண்ணி மூஞ்சிலாம் வேர்த்துப் போச்சு. ரெண்ட போட்டு வுடு. அந்த எண்ணா வந்து ஒங்கைய புடிக்கப் போவுது?"

"முடியாது வேதாசலம்."

"அவன் வெளிய நின்னத நான் பாத்தேன் சார், ஸ்டூல் போட்டுக் குந்தினு. ஒன்னாண்ட சாட்சி சொல்றேன்."

"இந்த ரெண்டு நாள்னு தேதி சொல்ல முடியுமா?"

தாடையைத் தேய்த்தார். "அது முடியாது" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்து, "அவன் வூட்டுல ஒரு வார்த்த சொல்லிட்டு வர்றேன்" என்று போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு எல்லப்பனின் அம்மா கல்லூரிக்கு வந்தார். மாவு ஒட்டிய கை. என் மேசையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்தார். கூடவே ஒரு பொட்டலம் முறுக்கு.

"இந்த வேதாசலம் அண்ணன்தான் வந்து சொல்லிச்சு, ஏதோ நாள் கொறையுதுன்னு. அவன் நோட்டு இதான் சார். வேற இன்னா இருக்குன்னு தேடினேன், இதான் கெடச்சுது. இதுல நாள் கீதா பாருங்க."

என் பாடத்துக்கான நோட்டு. திறந்தேன். முதல் பக்கத்தில் பாடத்தின் பெயர், வரிசை எண். பிறகு இரண்டே இரண்டு நாள் குறிப்பு, தேதி போட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. மீதிப் பக்கங்கள் வெறுமை. அந்த இரண்டு நாளில் நான் சொன்ன ஒரு சிறு நகைச்சுவைகூட எழுதப்பட்டிருந்தது. பக்கத்தில், 'சார் சிரித்தார்' என்று குறிப்பு.

எனக்குப் புரியவில்லை. நேரத்துக்கு வர முடியாதவன் அந்த இரண்டு நாள் மட்டும் எப்படி உள்ளே இருந்தான்? வேதாசலம் நோட்டைத் திருப்பித் தேதியைப் பார்த்தார்.

"சார், இது சுரங்கப்பாதைல தண்ணி நின்ன நாளு."

"எந்தச் சுரங்கப்பாதை?"

"உன் சுரங்கப்பாதைதான். வியாசர்பாடியாண்ட. நீ பெரம்பூர்லேந்து வரணும் இல்ல? பேண்ட்ட முழங்கால் வரைக்கும் மடிச்சுகினு ஒன்பது இருவதுக்கு வந்தியே. நாந்தான் கால் தொடைக்கத் துண்டு குடுத்தேன். ரெண்டு நாளும் அதே கததான்."

ஆசிரியர் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னேன். இருந்தது. என் கையெழுத்து, பக்கத்தில் எழுத்தரின் சிவப்பு மை: 9.20. மறுநாள்: 9.22. இருபத்தேழு வருடத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாக வராத மனிதன், அந்தப் பருவத்தில் மட்டும் இரண்டு நாள் தாமதமாக வந்திருக்கிறான். வந்ததைச் சுத்தமாக மறந்தும் இருக்கிறான். கதவைச் சாத்த ஆள் இல்லாததால் கதவு திறந்திருந்தது. எல்லப்பன் பேருந்திலிருந்து ஓடிவந்து, உள்ளே போய், தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். அந்த இரண்டு நாளும் 'பிரசன்ட் சார்' என்று சொன்னது அவனேதான்.

நாற்பத்து மூன்றும் இரண்டும் நாற்பத்தைந்து.

முதல்வர் இரண்டு பதிவேடுகளையும் நோட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். பிறகு, "நீங்க இன்னும் நாலு நாள் லேட்டா வந்திருக்கலாம் சார்" என்றார். அவர் அதிகம் பேசாதவர் என்று முன்பே சொன்னேன்.

பதிவேட்டில் முப்பத்தேழின் எதிரே மீதி நாற்பத்தைந்து நாளையும் என் கையாலேயே சிவப்பு மையில் திருத்தினேன். மற்ற எட்டுப் பேருடையதையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத் திருத்தினேன். தலை நிமிராமல் வருகை எடுத்ததற்காக என்னிடம் ஒரு விளக்கக் கடிதம் கேட்டு உத்தரவு வந்தது. எட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். டில்லிபாபுவை முதல் வரிசைக்கு மாற்றினேன். அதனால் அவன் குரல்கள் குறையவில்லை. தெளிவாகக் கேட்டன, அவ்வளவுதான். எல்லப்பன் யார்டில் மாலை வேலைக்கு மாற்றிக் கேட்டுக்கொண்டு திரும்ப வந்தான். ஒன்பதேகால் வரை கதவு திறந்திருந்தது. அந்தக் கால் மணி நேரத்தில் கை பரபரக்கும். தாழ்ப்பாளைத் தொடாமல் இருக்க இரண்டு கையிலும் சாக்பீஸ் பிடித்துக்கொள்வேன்.

அறிக்கை அனுப்பும்போது அறுபத்தைந்தாவதாக ஒரு கேள்வி சேர்த்தேன். அது மாணவருக்கு அல்ல, ஆசிரியருக்கு: 'காலையில் உங்கள் கதவை எப்போது சாத்துகிறீர்கள்?' மேலிடத்தில் அதைப் படித்தார்களா என்று தெரியாது. உங்கள் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் அடியில் மூன்று விரல் அகலத்துக்கு இடம் மீதி இருக்கிறது. அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அங்கே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேராகாது. அடுத்த பருவம் முடிந்த ஏப்ரலில், எல்லப்பன் பாக்கித் தேர்வு எழுத வேண்டிய நாள். அதே வகுப்பறை. தேர்வுக்கூடப் பொறுப்பு எனக்கு. பத்து மணிக்குத் தொடக்கம், பத்தரைக்கு மேல் யாரையும் உள்ளே விடக்கூடாது. இது என் விதி அல்ல. இதை நான் தளர்த்த முடியாது. பத்து இருபதுக்கு முப்பத்தேழாம் எண்ணின் மேசை காலியாக இருந்தது. கதவருகே போய் நின்றேன். கையில் சாக்பீஸ் இல்லை. பத்து இருபத்தைந்து. கீழே வாசலில் நின்ற வேதாசலத்திடம் ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

"லாரி நிக்குதா?"

"நிக்குது சார். எண்ணிச் சொல்லவா?"

"வேணாம்!"

பத்து இருபத்தேழு. கீழே வேதாசலத்தின் குரல் உயர்ந்தது: "ஓடுறா! படில பாத்து, ஒடஞ்சது கீது!" பிறகு படியில் காலடிச் சத்தம். எண்ணினேன். பதினொன்றுதான் வந்தது. இருபத்திரண்டு படிக்குப் பதினொன்று. இரண்டிரண்டாகத் தாவியிருக்கிறான்.

கதவடியில் வந்து நின்று, ஒரு நொடி கழித்து, மூச்சு இரைக்க, "பிரசன்ட் சார்" என்றான் எல்லப்பன். தேர்வுக்கூடத்தில் அப்படி யாரும் சொல்வதில்லை. டில்லிபாபு எவ்வளவு சரியாகச் செய்திருக்கிறான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

தலையை நிமிர்த்தி முகத்தைப் பார்த்தேன். பிறகுதான் எழுதினேன்.